மூலையில் ஈரம், சோபாவில் கீறல்: நாய்க்குட்டி, பூனைச் சேட்டைகளுக்கு அறிகுறிவாரி வைத்தியம்

கைவிடப்பட்ட நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் கொஞ்ச காலம் வீட்டில் வைத்துத் தேற்றி, வளர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் ஒப்படைப்பது எங்கள் வீட்டில் பல வருடமாக நடக்கிற வேலை. குட்டி போய்விடும், போன் மட்டும் நிற்காது. "அண்ணா, மறுபடியும் மெத்தையில போயிடுச்சு." "எழுந்து நடந்தாலே காலைப் புடிச்சுக்குது." கேள்விகள் மொத்தமும் ஒரு பதினைந்துக்குள் அடங்கும். அவற்றைத்தான் இங்கே பிரித்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் சல்லிசான காரணம் முதலில் வரும், பர்ஸைப் பதம் பார்க்கும் காரணம் கடைசியில் வரும்.

போனை எடுத்ததும் நான் கேட்பது இதுதான்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்? "எப்பப் பார்த்தாலும், எல்லா இடத்திலயும்" என்றுதான் பதில் வரும். மூன்று நாளைக்கு நேரம், இடம், அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன நடந்தது, இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்பேன். பாதிப் பேர் திரும்பக் கூப்பிடுவதே இல்லை. எழுதும்போதே விஷயம் பிடிபட்டிருக்கும்.

## சோதனை எதுவும் வேண்டாம், உடனே கிளம்புங்கள்

ஆண் பூனை மணல் தொட்டிக்குப் போய்ப் போய் முக்குகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருந்து பூனையை இழந்தவர்கள் உண்டு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும் விஷயம் இது. நள்ளிரவானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குகிறது. இழுக்காதீர்கள். மறுமுனை உள்ளே எங்காவது மாட்டியிருந்தால், இழுக்கிற நூல் குடலை அறுத்துவிடும்.

தின்னக் கூடாததைத் தின்றுவிட்டது. பூனைக்குப் பாரசிட்டமால் ஒரே மாத்திரை போதும், கொன்றுவிடும். லில்லிப் பூவின் மகரந்தம் ரோமத்தில் பட்டு அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். நாய்க்குச் சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாத சூயிங் கம் எல்லாம் ஆபத்து. வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எதைத் தின்றதோ அதன் பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

தடுப்பூசி முடிக்காத நாய்க்குட்டிக்கு வாந்தியும் ரத்தப் பேதியும் சேர்ந்து வந்தால் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம், மணிக்கணக்கு முக்கியம். பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றாலும் போன் போட்டுக் கேளுங்கள். குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். குட்டிகளுக்கு அரை நாளே அதிகம்.

## நாய்க்குட்டி வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போகிறது

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாட்டின் நடுவில் போகிறதா?
இது கோளாறே இல்லை, நீங்கள்தான் தாமதம். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். பகலில் அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சமாக அடக்க முடியும். 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம் என்பது நல்ல நாளில் நடப்பது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை வெளியே தூக்கிப்போவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள், ஆட்டம் முடிந்ததும், படுக்கப்போகும் முன் என்று நாலு வேளையைக் கண்டிப்பாக விடக் கூடாது.

குட்டியே சொல்லும், கவனித்தால் தெரியும். பந்தைத் துரத்திக்கொண்டிருந்தது சட்டென்று பந்தை மறந்துவிடும். மூக்கு தரைக்கு இறங்கும். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பின்னங்கால் இரண்டும் லேசாக அகலும். அந்த இரண்டு வினாடிதான் உங்களுக்குக் கிடைக்கும். கத்தாதீர்கள், தூக்குங்கள். கத்தினால் குட்டிக்குப் புரிவது "வீட்டுக்குள் போகக் கூடாது" என்பதல்ல, "இவர் கண் முன்னால் போகக் கூடாது" என்பதுதான். அப்புறம் திரைச்சீலைக்குப் பின்னால் போய்க் காரியத்தை முடிக்கும், வெளியே கூட்டிப்போனாலும் உங்கள் எதிரில் போகாது.

வெளியே கால் மணி நேரம் சுற்றிவிட்டு உள்ளே வந்ததும் போகிறதா?
வெளியே போனதும் உங்களோடு விளையாடலாம், போன காரியம் முடிந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று அது கணக்குப் போட்டுவிட்டது. வாரைப் பிடித்தபடி ஒரே இடத்தில் மரம் மாதிரி நில்லுங்கள். போன பிறகுதான் பிஸ்கட் துண்டு, ஆட்டம், நடை எல்லாம். துண்டை அந்த இடத்திலேயே, மூன்று வினாடிக்குள் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்கான பரிசு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

எப்போதும் ஒரே மூலையா?
உங்களுக்கு மணக்கவில்லை, அதற்கு மணக்கிறது. அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் போட்டால் இன்னும் மோசம், அந்த வாடை மூத்திர வாடையோடு சேர்ந்துகொள்ளும். என்சைம் உள்ள திரவத்தை ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம் வரை ஊறவிட்டுத் துடையுங்கள். ஊறவிடாமல் துடைத்துவிட்டு "அது வேலை செய்யல" என்கிறவர்கள்தான் அதிகம். வீட்டில் பூனையும் இருந்தால் பினால் வகைக் கிருமிநாசினியைத் தொடவே வேண்டாம். காலில் பட்டதைப் பூனை நக்கும், அது அதற்கு நஞ்சு.

உங்களைக் கண்டதும் குனிந்து, காதை மடக்கி, சொட்டு விடுகிறதா?
பயமும் பணிவும் கலந்த விஷயம். திட்டினால் கூடும். வீட்டுக்குள் நுழைந்ததும் அதைப் பார்க்காமல் உங்கள் வேலையைப் பாருங்கள். அது அடங்கி வந்த பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவுங்கள், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

மேலே சொன்னது எதுவும் பொருந்தவில்லையா?
ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி, சில நேரம் சிவப்பாக வந்தால் சிறுநீர்த் தொற்று. மருத்துவரிடம் போகும்போது மாதிரி எடுத்துப் போனால் ஒரு அலைச்சல் மிச்சம். நீளக் காம்புள்ள சுத்தமான கரண்டியை, அது போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் நீட்டிப் பிடியுங்கள், மூடிப் போட்ட டப்பாவில் ஊற்றிக் குளிர்ச்சியாக வைத்துச் சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்த படுக்கையே தினமும் நனைந்திருக்கிறது, அதுவும் பெண் குட்டி என்றால், சிறுநீரகக் குழாய் பிறவியிலேயே தவறான இடத்தில் இணைந்திருக்க வாய்ப்புண்டு. இதற்கு ஸ்கேன், அறுவை சிகிச்சை என்று செலவு போகும். ஆனால் எத்தனை மாதம் பழக்கினாலும் இது பழக்கத்தால் தீராது, சீக்கிரம் காட்டுவதே லாபம்.

## நாய்க்குட்டி கையைக் கடிக்கிறது

3 அல்லது 4 மாதத்திலிருந்து பால்பல் 28-ம் விழுந்து, 7 மாதத்துக்குள் 42 பல் முளைத்து முடியும். இந்தக் காலத்தில் கடிப்பது அதன் வேலை. நம் கையைத் தவிர வேறு எதைக் கடிக்கலாம் என்று காட்டுவது நம் வேலை.

நேரத்தைப் பாருங்கள். சாயங்காலம் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வெறி பிடித்த மாதிரி ஓடி, கண்ணில் பட்டதையெல்லாம் கடித்தால் அது தூக்கம் போதாத குட்டி. ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டிய உயிர் அது. குழந்தைகள் சுற்றி நின்று தூங்கவிடாமல் செய்கிற வீடுகளில் இந்தப் புகார் எப்போதும் உண்டு. இன்னும் விளையாட்டுக் காட்டி அசத்தலாம் என்று போகாதீர்கள். இருட்டான மூலையில், கூண்டிலோ கம்பித் தடுப்புக்குள்ளோ, மென்றுகொண்டிருக்க ஒரு பொருளோடு விடுங்கள். பத்து நிமிடத்தில் குறட்டை கேட்கும்.

நேரம் காலம் இல்லாமல் கடித்தால், பல் பட்ட அந்த வினாடியே விளையாட்டு நிற்க வேண்டும். கையை வெடுக்கென்று இழுத்தால் அதுவும் ஒரு விளையாட்டாகிவிடும். கையைத் தளரவிட்டு எழுந்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் அரை நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். ஒருத்தர் மட்டும் கையை வாயில் கொடுத்து விளையாடிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் பட்ட பாடு வீண். (இந்த ஒருத்தர் எல்லா வீட்டிலும் இருக்கிறார்.)

மெல்லக் கொடுக்கும் பொருளைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லை என்றால் அது பல்லை உடைக்கும். துணியை நனைத்து முறுக்கி ஃபிரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறு எரிச்சல் அடங்கும். 7 மாதம் தாண்டியும் பால் கோரைப்பல் புதுப் பல்லுக்குப் பக்கத்திலேயே நின்றால் பிடுங்க வேண்டியிருக்கும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடிப்பதற்கு முன் உடல் விறைத்து, கண் நிலைகுத்தி, உறுமல் வந்தால் அது பல் முளைக்கும் கடி அல்ல. கீழே தட்டு பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## இரவில் அழுகிறது

புது வீட்டில் முதல் ஒரு வாரம் என்றால், தாயும் கூடப் பிறந்ததும் இல்லாத படுக்கை அதற்குப் பழகவில்லை. "அழுது அழுது தானா தூங்கிடும்" என்று வேறு அறையில் பூட்டுவதை நான் ஏற்பதில்லை. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியோ கூண்டோ வையுங்கள், கையை நீட்டினால் எட்ட வேண்டும். தினம் கொஞ்சமாக அதற்கு வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொண்டே போங்கள்.

நடுச்சாமத்தில் மட்டும் என்றால் மூத்திரம். விளக்குப் போடாமல், கொஞ்சாமல், தூக்கிப்போய் முடித்துவிட்டுத் திரும்பப் படுக்கவையுங்கள். கொஞ்சினால் நாளைக்கும் அந்த நேரத்துக்கு அலாரம் அடிக்கும். வயிறு உப்பி, முனகி, இடம் மாற்றி மாற்றிப் படுத்தால் குடற்புழுவாக இருக்கலாம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து புழு நீக்க மருந்து கொடுத்து வந்திருக்க வேண்டும், தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

## தனியாக விட்டுப் போனால் வீட்டை நாசம் செய்கிறது

செருப்பு கிழிந்திருப்பதைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது. ஒரு பழைய போனில் வீடியோ ஓடவிட்டுக் கிளம்பிப் போங்கள்.

முதல் ஒரு மணி நேரம் தூங்கி, பிறகு எழுந்து நிதானமாகத் தலையணையைப் பிரித்தால் பொழுது போகாத நாய். காலையில் கூடுதல் நடை, சாப்பாட்டைத் தட்டில் போடாமல் துணி மடிப்பிலோ அட்டைப் பெட்டியிலோ ஒளித்துவைப்பது, செருப்பை உயரத்தில் வைப்பது. இவ்வளவுதான்.

நீங்கள் போன அரை மணி நேரத்துக்குள் கதவையே பிறாண்டி, எச்சில் ஒழுக, ஊளையிட்டால் அது சேட்டை அல்ல, பீதி. கூண்டில் பூட்டினால் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். சாவியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப உட்காருவது, கதவைத் திறந்து மூடுவது, பத்து வினாடி வெளியே நிற்பது என்று அது கலங்காத அளவிலிருந்து ஆரம்பித்துக் கூட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நிமிடம்கூடத் தாண்டவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள். இதற்கு மாத்திரை உண்டு, கொடுப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

திரும்பி வந்து திட்டும்போது அது தலையைத் தொங்கப்போடுவது குற்ற உணர்ச்சி அல்ல. உங்கள் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறது.

## வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது

கழுத்துப்பட்டையிலிருந்து நெஞ்சில் மாட்டும் பட்டைக்கு மாறுங்கள். வார் விறைத்தால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் பத்து நிமிடத்தில் இருபது அடிகூடப் போகமாட்டீர்கள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். போகட்டும். திடீரென்று இழுப்பதை விட்டுவிட்டுப் பின்தங்கினால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், முள்ளோ சூடான தரையோ காரணமாக இருக்கும்.

## சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமுகிறது

"யார் பெரியவன்னு காட்டணும்" என்று தட்டைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கச் சொல்பவர்கள்தான் இந்தக் கோளாறைப் பாதி வீடுகளில் உண்டாக்குகிறார்கள். எதைப் பார்த்துப் பயப்படுகிறதோ அதையே செய்து காட்டினால் பயம் எப்படிப் போகும்? உறுமாத தூரத்தில் நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை எறிந்துவிட்டுத் திரும்பிப் போங்கள். நாலைந்து நாளில் உங்களைக் கண்டதும் நிமிர்ந்து பார்க்கும், அப்போது அரை அடி நெருங்கலாம். உறுமலுக்கு அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் அடுத்த தடவை உறுமாமல் கடிக்கும்.

ஒரு தடவையாவது தோல் கிழியக் கடித்திருந்தால், அல்லது வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், நீங்களாக முயல வேண்டாம். பயிற்சியாளரை அழையுங்கள். வரும்போதே மூச்சுத் திணறும் சங்கிலியும் ஷாக் அடிக்கும் பட்டையும் கொண்டுவருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். குட்டிதானே என்று விடக் கூடாது. வெறிநோய்க்குக் குட்டி, பெரியது என்ற கணக்குக் கிடையாது.

## பூனை மணல் தொட்டிக்கு வெளியே போகிறது

எனக்கு அதிகம் வரும் போன் இதுதான். எங்கள் வீட்டிலேயே ஆறு வாரம் இதோடு மல்லுக்கட்டினோம். பழகிய பெண் பூனை, திடீரென்று மெத்தையில் போக ஆரம்பித்தது. மணலை மாற்றினோம், தொட்டியை மாற்றினோம், மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்றார். கடைசியில் மற்றவர்களுக்குச் சொல்கிற வைத்தியத்தை நாங்களே செய்தோம், எழுதினோம். திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும்தான். அவை துணி துவைக்கிற நாள். தொட்டி வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு தடவை அது உட்கார்ந்திருக்கும்போது மெஷின் தண்ணீர் பிழியும் கட்டத்துக்குப் போய் அதிர்ந்திருக்க வேண்டும். தொட்டியை அடுத்த அறைக்கு மாற்றினோம், அன்றோடு முடிந்தது.

முதலில் சுத்தம். நாளைக்கு ஒரு தடவையாவது அள்ளுகிறீர்களா? தொட்டியை வாசனை இல்லாத சோப்பால் கழுவுகிறீர்களா? பூ வாசனை மணல் நமக்காகச் செய்தது, பூனைக்காக இல்லை. மூடி போட்ட தொட்டி என்றால் ஒரு வாரம் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

அடுத்து எண்ணிக்கையும் அளவும். பூனைகள் எத்தனையோ அதற்கு ஒன்று கூடுதலாகத் தொட்டி வேண்டும். இரண்டு பூனைக்கு மூன்று. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் பூனைக்கு அது ஒன்றுதான், தனித்தனி இடம் வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளத்தை அளந்து அதைப் போல ஒன்றரை மடங்கு நீளத்தில் தொட்டி இருக்க வேண்டும். கடையில் பூனைத் தொட்டி என்று விற்பதில் பாதி இந்தக் கணக்குக்குப் போதாது. துணிமணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவை ஒரு பக்கம் தாழ்வாக வெட்டி வைத்தால் அதைவிட நன்றாக இருக்கும். மணல் ஒரு 5 செ.மீ. ஆழம் போதும். மிகச் சின்னக் குட்டிகளுக்கு ஈரம் பட்டதும் கட்டியாகும் மணல் வேண்டாம், தின்றுவிடும்.

இடம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரே வழி உள்ள மூலையில் வைத்தால் இன்னொரு பூனை வழிமறிக்கும். மாட்டிக்கொள்ளாமல் தப்பி ஓட இரண்டு பக்கம் வழி இருக்க வேண்டும். வயதான பூனை தொட்டியின் விளிம்பு வரை வந்து வெளியே போனால் மூட்டு வலி, விளிம்பைத் தாழ்த்துங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் நிற்கவில்லையா? மருத்துவரிடம் போகும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, குளிர்ந்த இடங்களில், வாஷ்பேசினிலோ வழவழப்பான தரையிலோ, கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதா? சிறுநீர்ப்பை அழற்சியில் இப்படிச் செய்யும். இரண்டு, அள்ளும் கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் அதிகமாகவும் இருக்கின்றனவா, தண்ணீர் அதிகம் குடிக்கிறதா? நீரிழிவுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டிலில் படம் போட்ட "நிறுத்தும் ஸ்பிரே"க்குக் கொடுக்கும் காசை இந்தப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம்.

## நின்றபடி சுவரில் பீய்ச்சுகிறது

வால் நட்டமாக நிமிர்ந்து, நுனி நடுங்க, செங்குத்தான பரப்பில் அடித்தால் அது மூத்திர அவசரம் அல்ல, எல்லைக் கல் நடுவது. கருத்தடை செய்யாத ஆண் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், பெரும்பாலும் முடிந்துவிடும். 5 அல்லது 6 மாதத்தில், பழக்கம் படிவதற்கு முன் செய்வது நல்லது. ஏற்கெனவே செய்திருந்தால் எந்தச் சுவர் என்று பாருங்கள். ஜன்னல் ஓரமாகவே இருந்தால் வெளியே வேறொரு பூனை வந்து உட்காருகிறது. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டுங்கள். வீட்டின் நடுவில், உங்கள் பை மேல், துணி மேல் அடித்தால் வீட்டுக்குள்ளேயே ஏதோ பிடிக்கவில்லை. புது ஆள், புது நாய், இடம் மாற்றிய அலமாரி, எதுவாகவும் இருக்கலாம்.

## சோபாவைப் பிறாண்டுகிறது

நிறுத்த முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். பிறாண்டுவதற்கென்றே கட்டை வாங்கி வைத்தும் தொடவில்லை என்பார்கள். போய்ப் பார்த்தால் கட்டை அரை மீட்டர் உயரத்தில், ஆளில்லாத மூலையில், கை வைத்தால் ஆடிக்கொண்டு நிற்கும். பூனை முழு உடம்பையும் நீட்டி இழுக்க வேண்டும், அதற்கு 80 அல்லது 90 செ.மீ. உயரமும் ஆடாத அடிப்பாகமும் வேண்டும். கயிறு சுற்றிய கட்டையை, பிறாண்டும் அதே சோபாக் கைக்கு ஒட்டி வையுங்கள். சோபாவில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டுங்கள். கட்டைக்குப் பழகிய பிறகு தினம் சில செ.மீ. தள்ளிக்கொண்டே போகலாம். சோபாவில் கீறல் படுக்கைவாட்டில் இருந்தால் அதற்கு நின்ற கட்டை பிடிக்காது, அட்டையைத் தரையில் போடுங்கள். நகத்தின் கூர்நுனியை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வெட்டிவிடுங்கள், உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியைத் தொடாமல். நகத்தையே எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். அது நகத்தை எடுப்பதல்ல, விரலின் கடைசி எலும்பை வெட்டுவது. பல நாடுகளில் தடை.

## விடியற்காலையில் எழுப்புகிறது

விடியலும் அந்தியும் பூனையின் வேட்டை நேரம். படுக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் குச்சியில் கட்டிய இறகை ஓடவிட்டு மூச்சிரைக்க விளையாட வையுங்கள், உடனே இரவுச் சாப்பாட்டைக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் தட்டை நிரப்பாதீர்கள், அரை மணி நேரம் கழித்து நிரப்புங்கள். நீங்கள் எழுவதற்கும் சாப்பாட்டுக்கும் உள்ள முடிச்சு அவிழ வேண்டும். கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்தால் முதல் சில நாள் முன்னைவிடப் பலமாகக் கத்தும். அதில் ஒரு நாள் மனமிரங்கி எழுந்தீர்கள் என்றால், எவ்வளவு நேரம் கத்த வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள்.

கருத்தடை செய்யாத பெண் பூனை தரையில் உருண்டு இரவெல்லாம் கத்தினால் பருவத்துக்கு வந்திருக்கிறது. 10 வயது தாண்டிய பூனை புதிதாகக் கத்துகிறது, நன்றாகத் தின்றும் இளைக்கிறது என்றால் தைராய்டு பாருங்கள், கூடவே ரத்த அழுத்தமும்.

## சமையல் மேடையில் ஏறுகிறது, பொருளைத் தள்ளிவிடுகிறது

மேடையில் சாப்பாட்டு வாசனை இருக்கும்வரை ஏறும். துடைத்துவிட்டு, அதைவிட உயரமாக ஒரு பலகையை ஜன்னல் அருகே கொடுங்கள். தண்ணீர் பீய்ச்சுவது வேண்டாம், நீங்கள் இல்லாதபோது ஏறக் கற்றுக்கொள்ளும். உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டே டம்ளரை ஓரத்துக்கு நகர்த்துகிற பூனைக்குத் தேவை நீங்கள் எழுந்து வருவது. விழட்டும், திரும்பிப் பார்க்காதீர்கள். டம்ளர் மட்டும் உடையாததாக இருக்கட்டும்.

## தடவும்போது திடீரென்று கடிக்கிறது

திடீரென்று இல்லை. வால் நுனி துடித்திருக்கும், முதுகுத் தோல் சிலிர்த்து ஓடியிருக்கும், காது பக்கவாட்டில் திரும்பியிருக்கும். மூன்று தடவு தடவிவிட்டுக் கையை எடுங்கள். தானாகத் தலையை முட்டினால் தொடருங்கள், இல்லையென்றால் போதும் என்று அர்த்தம். இதுவரை மடியிலேயே கிடந்த பூனை இப்போது தொட்டால் சீறினால் வலி. முதலில் பல், பிறகு மூட்டு.

நடக்கும் காலில் பாய்வது விளையாட்டுப் பசி. கையாலும் காலாலும் விளையாட்டுக் காட்டியதன் விளைவு. இறகுக் குச்சிக்கு மாறுங்கள். வெளிப் பூனையைக் கண்டு சீறிக்கொண்டிருக்கும்போது மட்டும் கிட்டப் போகாதீர்கள், அந்தக் கோபம் உங்கள் மேல் இறங்கும். விளக்கை அணைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். பூனையின் பல் ஊசி மாதிரி, காயம் சின்னதாகத் தெரிந்தாலும் ஆழம் அதிகம். நாய்க்கடிக்குச் சொன்ன மாதிரியே கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். விரல் மூட்டில், மணிக்கட்டில் பட்டதை விடவே கூடாது.

## நாய்க்குட்டி பூனையைத் துரத்துகிறது

ஓடுகிற பூனை ஒரு பந்து. எனவே ஓட வேண்டிய அவசியம் பூனைக்கு வராமல் பார்க்க வேண்டும். முதல் சில நாள் வேறு வேறு அறை, ஒன்றின் துணியை மற்றொன்றின் படுக்கையில் போடுங்கள். பிறகு கம்பித் தடுப்புக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு. அப்புறம்தான் நேருக்கு நேர், அதுவும் குட்டி வாரில் இருக்க வேண்டும், பூனைக்கு எட்டாத உயரத்தில் போய் உட்கார வழி இருக்க வேண்டும். குட்டி பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் துண்டு. ஆரம்பத்தில் திரும்புவது தற்செயலாக இருக்கும், பரவாயில்லை, கொடுங்கள்.

விளையாட்டாகத் துரத்தும் நாய் குதிக்கும், குரைக்கும், முன்பக்கம் தாழ்ந்து புட்டம் உயரும். சத்தமே இல்லாமல் உறைந்து நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கண்ணை எடுக்காமல் பார்த்தால் அது வேட்டை. அந்த நாயையும் பூனையையும் ஆளில்லாமல் சேர்த்து விடாதீர்கள், பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள்.

நாய்க்கு உண்ணி மருந்து போடும் நாளில் டப்பாவில் பெர்மெத்ரின் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மருந்து காயும்வரை பூனையை வேறு அறையில் வையுங்கள், மிச்சத்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். பூனைக்கு வலிப்பு வந்து சாகும் அளவுக்கு அது நஞ்சு. சேர்ந்து படுத்துத் தூங்கும் ஜோடி என்றால் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நாய் மணல் தொட்டியில் தலையை விட்டு எதையோ மென்றுகொண்டிருந்தால், நீங்கள் நினைப்பதுதான். நாய்களுக்கு அது பலகாரம். தொட்டி இருக்கும் அறைக் கதவில், பூனை மட்டும் நுழையும் அகலத்துக்கு ஒரு கொக்கி போடுங்கள். குட்டி இன்னும் சின்னது, அதுவும் நுழைந்துவிடுகிறது என்றால் இரண்டு மாதம் பொறுங்கள், வளர்ந்துவிடும்.